'மர்ம உறுப்பு': பிள்ளைகளுக்கு நாம் தராத சொற்கள்

கும்மிடிப்பூண்டி பஜாரிலிருந்து சிப்காட் பக்கம் முகூர்த்த மாதங்களில் நடந்து போனால் கம்பத்துக்குக் கம்பம் ஃபிளெக்ஸ் பேனர். பட்டுப் பாவாடை, நெற்றிச்சுட்டி, தலை நிறையப் பூ, பன்னிரண்டோ பதிமூன்றோ வயதான ஒரு பெண்பிள்ளையின் முகம். அந்த முகத்தைச் சுற்றித் தாய்மாமன்கள், பெரியப்பாக்கள், கட்சிக்காரர்கள், 'நண்பர்கள் குழு' என்று வரிசையாக ஆண்களின் முகங்கள். மஞ்சள் நீராட்டு விழாவுக்கு அனைவரும் வருக. ஒரு சிறுமியின் உடலில் நிகழ்ந்த முதல் ரத்தப்போக்கை எட்டடிப் பத்தடியில் சாலைக்கு அறிவிக்கிற சமூகத்தைப் பார்த்து 'இங்கே பாலியலைப் பற்றி யாரும் பேசுவதில்லை' என்று எப்படிச் சொல்வது? பேசுகிறோம். மைக் செட் வைத்துப் பேசுகிறோம். பேனரில் இருக்கிற அந்தப் பிள்ளையிடம் மட்டும் பேசுவதில்லை. தன் உடம்பிலிருந்து ஏன் ரத்தம் வருகிறது, எத்தனை நாள் வரும், அடுத்த மாதமும் வருமா என்பது அவளுக்குத் தெரிந்திருக்கும் என்பதற்கு அந்த விழாவில் எந்த உத்தரவாதமும் இல்லை.

'மௌனம்' என்கிற சொல்லை நாம் சற்றுச் சோம்பேறித்தனமாகவே கையாண்டு வந்திருக்கிறோம். பாலியல் கல்வி பற்றிய கட்டுரை என்றால் 'இந்தியக் குடும்பங்களில் நிலவும் மௌனம்' என்று தொடங்கி 'மௌனத்தை உடைப்போம்' என்று முடிப்பது ஒரு வழக்கமாகிவிட்டது. 1976இல் வெளியான 'பாலியலின் வரலாறு' முதல் தொகுதியில் மிஷல் ஃபூக்கோ இந்த மாதிரிக் கதையைத்தான் சந்தேகித்தார். ஐரோப்பா பாலியலை ஒடுக்கி வாயடைத்ததாகச் சொல்லப்படும் அதே காலத்தில்தான் பாவமன்னிப்புக் கூண்டும் மருத்துவமும் பள்ளிக்கூடமும் சட்டமும் அதைப்பற்றி ஓயாமல் பேசின, பேசவைத்தன என்றார். பள்ளிச் சிறுவர்களின் உடலைக் கண்காணிப்பதற்கென்றே ஒரு பெரும் சொல்லாடல் எழுந்தது என்றும் காட்டினார். ஆகவே பேசுகிறோமா இல்லையா என்பது கேள்வி அல்ல. யார் பேசுகிறார்கள், யாரைப் பற்றி, எந்தத் தொனியில், யாருக்குக் கேள்வி கேட்கும் உரிமை இல்லை என்பதுதான்.

இதை வைத்து நம் வீட்டைப் பார்ப்போம். காலை ஒடுக்கி உட்காரு, துப்பட்டாவை எடுத்துப் போடு, பசங்களோட உனக்கு இன்னா வெளையாட்டு என்ற கட்டளைகள். காலை ஒடிச்சுடுவேன் என்ற மிரட்டல். குழாயடிச் சண்டையில் தாயின் உறுப்பையும் தமக்கையின் உறுப்பையும் சொல்லி வைகிற வசை. இதைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளை திருவள்ளூர் மாவட்டத்தில் ஒன்றுகூட இருக்காது. 'இவதான்டா உனக்கு' என்று ஐந்து வயது அத்தை மகனையும் மூன்று வயது மாமன் மகளையும் பக்கத்தில் நிற்கவைத்துச் சிரிக்கிற கேலி. பச்சை ஓலை கட்டி உட்காரவைப்பது, புட்டு சுற்றுவது, தாய்மாமன் சீர். இவ்வளவு பேச்சு நடக்கிற வீட்டில் ஒரே ஒரு வகை வாக்கியத்துக்குத்தான் இடமில்லை. பிள்ளை கேட்கிற கேள்விக்கு.

சடங்கை மூடத்தனம் என்று தள்ளிவிட்டுப் போவது நமக்குச் சுலபம். அது என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். அம்பேத்கர் 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த 'இந்தியாவில் சாதிகள்' கட்டுரையில், சாதியின் உயிர்நிலை அகமணம் என்றார். அதைக் காப்பாற்றப் பெண்ணின் பாலியலைக் கட்டுக்குள் வைத்தாக வேண்டும். மஞ்சள் நீராட்டு என்பது இந்த உடல் இனிக் கருத்தரிக்கும், எங்கள் சாதிக்குள் கொடுக்க இருக்கிறோம் என்று உறவுக்குச் சொல்லும் அறிவிப்பு. அறிவிப்பு உறவுக்காரர்களுக்கானது, பிள்ளைக்கு அதில் பேச்சுப் பங்கு கிடையாது. பின்னால் வருகிற 'நம்ம பேரைக் கெடுத்துடாதே' என்கிற புத்திமதியும் அவள் உடல்நலத்தைப் பற்றியதல்ல. அந்த 'நம்ம' யார் என்று கேட்டுப் பாருங்கள், விளங்கிவிடும். ஆக, அப்பா அம்மாக்கள் கூச்சத்தினால் பேசுவதில்லை என்பது பாதி உண்மைதான். கேள்வி கேட்கிற பிள்ளை நாளைக்கு 'ஏன் அவனைக் கட்டிக்கக் கூடாது' என்றும் கேட்கும் என்ற பயம் மீதிப் பாதி.

பையனுக்குச் சடங்கும் இல்லை. ஒரு காலையில் டிராயர் நனைந்திருக்கிறது, என்னவோ வியாதி என்று நினைக்கிறான், யாருக்கும் தெரியாமல் துவைத்துக் காயப்போடுகிறான். அவனுக்குப் பதில் சொல்ல எழும்பூர், மாம்பலம் லாட்ஜ்களில் மாதம் ஒருநாள் வந்து தங்குகிற வைத்தியர்கள் இருந்தார்கள். 'வாலிப, வயோதிக அன்பர்களே' என்று நள்ளிரவுத் தொலைக்காட்சியில் விளித்தார்கள். கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஏறினால் இன்றும் தலைக்கு மேலே ஸ்டிக்கர் இருக்கிறது: ஆண்மைக் குறைவு, நரம்புத் தளர்ச்சி, விந்து முந்துதல், ஒரு கைப்பேசி எண். நாற்பது சொட்டு ரத்தம் ஒரு சொட்டு விந்து என்கிற கணக்கு இந்த வட்டாரத்தில் ஐடிஐ படிக்கிற பையன்வரை செல்லுபடியாகிறது. மீஞ்சூரில் ஏறி ஸ்டிக்கருக்குக் கீழே நிற்கிற அப்பாவும் மகனும் இருவருமே அதைப் படித்திருப்பார்கள். இருவரும் படிக்காதது போல வெளியே பார்ப்பார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுவது நல்லது. என் பையன் ஆறாம் வகுப்பில் 'காண்டம்னா இன்னாப்பா?' என்று கேட்டபோது 'போய்ப் படி' என்று சொன்னவன் நான். அன்றைக்கு மேசையில் பாதி மொழிபெயர்த்த ஃபூக்கோ இருந்தது.

*

இனிச் சொற்கள். உடலின் சில பகுதிகளுக்குத் தமிழில் நம் கையில் மூன்று அடுக்குச் சொற்கள் இருக்கின்றன. முதல் அடுக்கு குழந்தைப் பேச்சு: குஞ்சாமணி, ஜூஜூ, அய்யே. ஐந்து வயதோடு அது முடிந்துவிடும். பெண்பிள்ளைக்கு அதுவும் பெரும்பாலும் இல்லை, 'அய்யே' ஒன்றுதான். இரண்டாவது அடுக்கு வசைச்சொற்கள். அவை பிள்ளைக்கு நன்றாகத் தெரியும், சொன்னால் வாயில் அடி விழும். மூன்றாவது பாடப்புத்தகமும் போலீஸும்: இனப்பெருக்க உறுப்பு, பிறப்புறுப்பு, செய்தித்தாளில் 'மர்ம உறுப்பு'. இந்த மூன்றுக்கும் நடுவில், ஒரு தாய் அடுப்படியில் நின்றுகொண்டு எட்டு வயதுப் பிள்ளையிடம் சாதாரணக் குரலில் சொல்லக்கூடிய ஒரு சொல் வேண்டும். அந்த இடம் காலியாக இருக்கிறது.

'மர்ம உறுப்பு' என்பதையே எடுத்துக்கொள்வோம். கைக்குக் கை, வயிற்றுக்கு வயிறு என்று பெயரிருக்க, இதற்கு மட்டும் மர்மம் என்பது பெயர். பிள்ளைக்குச் சொந்தமான உடம்பில் பிள்ளைக்கே தெரியக்கூடாத ஒரு இடம் இருக்கிறது என்பதை அந்தச் சொல் எந்தப் பிரசங்கமும் இல்லாமல் கற்றுக்கொடுத்துவிடுகிறது. 'கற்பழிப்பு' என்ற சொல்லும் இப்படித்தான். குற்றம் செய்தவனை விட்டுவிட்டு, பாதிக்கப்பட்டவளிடமிருந்து ஏதோ அழிந்துபோனதாகச் சொன்னது. பெண்ணியவாதிகள் விடாமல் சண்டை போட்டு 'பாலியல் வன்முறை', 'வல்லுறவு' என்ற சொற்களை நிலைநிறுத்தினார்கள். செய்தித்தாள்கள்கூட மெல்ல மாறின. சொல் மாறினால் எல்லாம் மாறிவிடாது. சொல் மாறாமல் எதுவும் மாறுவதில்லை என்பதற்கு அது ஒரு சாட்சி.

இதில் நம் சிறுபத்திரிகை உலகத்தின் கணக்கு எப்படி இருக்கிறது? 2002இல் குட்டி ரேவதியின் 'முலைகள்' தொகுப்பு வந்தபோது எழுந்த கூச்சலை இதைப் படிக்கிறவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சல்மா, மாலதி மைத்ரி, சுகிர்தராணி என்று பெண்கள் தம் உடலைத் தம் சொற்களால் எழுதியதற்காக வசைகளும் மிரட்டல்களும் வந்தன. நாம் அவர்கள் பக்கம் நின்றோம், சரிதான். 2005இல் இந்தியா டுடே தமிழ்ப் பதிப்பில் குஷ்பு, திருமணத்துக்கு முன்னான உறவில் கருவும் நோயும் வராமல் பாதுகாத்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னதற்கு விளக்குமாறும் செருப்பும் தூக்கப்பட்டன. இருபதுக்கும் மேற்பட்ட வழக்குகள், 2010 ஏப்ரலில்தான் உச்ச நீதிமன்றம் அவற்றை ரத்து செய்தது. அப்போதும் கருத்துச் சுதந்திரம் பற்றி எழுதினோம். அவர் சொன்னதில் பாதுகாப்பு என்றொரு பாதி இருந்ததை, அதைப் பதினாறு வயதுப் பிள்ளைக்கு யார் சொல்வது என்பதை, விவாதித்ததாக எனக்கு நினைவில்லை. உடலரசியல் நம் பக்கங்களில் முப்பது வருஷமாக நடக்கிறது. கவரைப்பேட்டையில் ஒரு லைன் வீட்டுக்குள் அது போய்ச் சேரவில்லை. 1930களில் 'குடி அரசு' இந்த விஷயத்தில் நம்மைவிட நேராக இருந்தது. மற்றவர்கள் நாட்டு வறுமைக்காகவும் தாயின் உடல்நலத்துக்காகவும் கர்ப்பத்தடை வேண்டும் என்றபோது, பெண்ணின் விடுதலைக்காகவே வேண்டும் என்று பெரியார் எல்லாருக்கும் விளங்குகிற மொழியில் எழுதினார்.

*

2025 ஜூலையில் கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில், பள்ளி விட்டு நடந்து வந்துகொண்டிருந்த ஒரு சிறுமி பாலியல் வன்முறைக்கு ஆளானாள். சிசிடிவி காட்சி கைப்பேசிக்குக் கைப்பேசி பரவியது. ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து வெளிமாநிலத் தொழிலாளி ஒருவர் கைதானார். அந்த இரண்டு வாரமும் இந்தப் பகுதி வீடுகளில் பிள்ளைகளிடம் என்ன பேசப்பட்டது என்பதுதான் நமக்கு முக்கியம். தனியாப் போகாதே. வடக்கத்திக்காரன் கிட்ட பேசாதே. இந்த இரண்டும்தான். உருட்டாலைகளிலும் வார்ப்படத் தொழிற்சாலைகளிலும் பீகார், ஒடிசா, அசாம் ஆட்களை வைத்து ஓடுகிற ஒரு சிப்காட்டில் இரண்டாவது வாக்கியம் எங்கே கொண்டுபோய் விடும் என்பது தெரிந்ததுதான். அதைவிட ஆபத்து, அது பிள்ளையைத் தவறான திசையில் பார்க்கவைக்கிறது. போக்சோ வழக்குகளில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் குற்றம் சாட்டப்படுகிறவர் பிள்ளைக்கு முன்பே தெரிந்தவர் என்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் ஆண்டுதோறும் சொல்லிவருகின்றன. பக்கத்து வீட்டு மாமா, டியூஷன் சார், சித்தப்பா, அப்பாவின் நண்பர், அப்பாவும்தான். 'முன்பின் தெரியாதவன்' பற்றிய எச்சரிக்கையை மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, தெரிந்தவர் செய்வதைச் சொல்ல வழியே இல்லை.

பெண்பிள்ளையை மட்டும் எச்சரிப்பதும் பெரும் பிழை. 2007இல் மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வில் பாதிக்கு மேற்பட்டவர்கள், 53.22 விழுக்காடு, ஏதோ ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். அவர்களில் சரிபாதிக்குச் சற்றுக் கூடுதலானவர்கள் பையன்கள்.

2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கும் போக்சோ சட்டம் இந்தச் சொல்லின்மையை நேராகத் தொடுகிறது. குற்றம் நடந்தது தெரிந்தவர் யாராக இருந்தாலும் புகார் செய்தாக வேண்டும். பிள்ளையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, கூடியவரை சப்-இன்ஸ்பெக்டருக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல், பெற்றோரோ பிள்ளை நம்புகிறவரோ கூட இருக்க, பிள்ளை சொல்கிறபடியே பதிய வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் 'சொல்கிறபடியே' என்றால் பிள்ளைக்கு ஒரு சொல் இருக்க வேண்டுமே. ஏழு வருஷம் அந்த இடத்துக்குப் பெயரே சொல்லாமல் வளர்த்துவிட்டு, வாழ்க்கையிலேயே முதல்முறையாக அதை ஒரு அதிகாரியின் முன்னால் சொல் என்கிறோம். பிள்ளை 'அய்யே பண்ணாரு' என்கிறது. அதை வழக்கறிஞர் பிடித்துக்கொள்கிறார்.

இதே சட்டத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. சம்மத வயது 16இலிருந்து 18 ஆனது. பதினேழு வயதுப் பெண்ணும் பத்தொன்பது வயதுப் பையனும் காதலித்துப் போய்விட்டால், பெண்ணின் வீட்டார் கையில் போக்சோ ஒரு சாதி ஆயுதம். 2021 ஜனவரியில் இப்படியான ஒரு வழக்கை ரத்து செய்த சென்னை உயர் நீதிமன்றம், வளரிளம் பருவத்தவரின் காதலைத் தண்டிப்பது இச்சட்டத்தின் நோக்கமல்ல என்றது. 2022 டிசம்பரில் தமிழகக் காவல்துறைத் தலைவர், இத்தகைய வழக்குகளில் அவசரப்பட்டுக் கைது செய்ய வேண்டாம் என்று சுற்றறிக்கை அனுப்பினார். ஆனாலும் சட்டம் சட்டமாகத்தான் இருக்கிறது. பையன் ஜெயிலுக்குப் போக முடியும் என்பதைப் பையனிடம் முன்கூட்டிச் சொன்ன அப்பா எத்தனை பேர்?

*

நகரத்து ஆலோசனைப் புத்தகங்கள் 'இரவு உணவு மேசையில் இயல்பாகப் பேச்சைத் தொடங்குங்கள்' என்கின்றன. இங்கே மேசை இல்லை; இரவும் பல வீடுகளில் இல்லை. காலை ஆறு முதல் இரண்டு, இரண்டு முதல் பத்து, பத்து முதல் ஆறு. ஒப்பந்தத் தொழிலாளி என்றால் பன்னிரண்டு மணிநேரம். அம்மா ஒரு ஷிஃப்ட், அப்பா ஒரு ஷிஃப்ட், பிள்ளையை வைத்திருப்பது ஆயா, இல்லையென்றால் கைப்பேசி. லைன் வீட்டில் ஒரே அறை. பெரியவர்களின் உறவு பிள்ளைக்கு அரைத்தூக்கத்தில் தெரிந்ததுதான், தெரியாத மாதிரிக் கிடப்பதையும் அது பழகிக்கொள்கிறது. செங்கல் சூளைகளில் நிலைமை இன்னும் மோசம். மழை முடிந்ததும் ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா பக்கமிருந்து குடும்பமாக வந்து ஆனி ஆடி வரை கல் அறுக்கிறவர்களின் பெண்பிள்ளை, மறைப்பில்லாத இடத்தில், மொழி தெரியாத ஊரில் வயதுக்கு வருகிறாள். அவளுடைய தாய்க்கு இந்தக் கட்டுரையால் எந்தப் பயனும் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

கைப்பேசி சொல்லித் தருவதும் நமக்குத் தெரியும். 2018 வரை திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்த அம்பத்தூரின் மகளிர் காவல் நிலையத்தில் பதிவான ஒரு வழக்கு, குழந்தைகளைப் பாலியலுக்குப் பயன்படுத்திய காட்சிகளை ஓர் இளைஞர் கைப்பேசியில் வைத்திருந்தது பற்றியது, உச்ச நீதிமன்றம்வரை போனது. 2024 செப்டம்பர் 23இல் வந்த தீர்ப்பு, அத்தகைய காட்சியைச் சேமித்து வைப்பதே குற்றமாகும் என்றது. அதோடு நிற்காமல், பாலியல் கல்வி மேற்கத்தியச் சரக்கு, பிள்ளைகளைக் கெடுத்துவிடும் என்ற எண்ணங்களைத் தவறென்று எடுத்துச்சொல்லி, முழுமையான பாலியல் கல்விக்கு நிபுணர் குழு அமைப்பது பற்றி யோசிக்கும்படி அரசுக்குச் சொன்னது. நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்ததற்குக் காரணம் உண்டு. 2007இல் வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம், கர்நாடகம், குஜராத் உள்ளிட்ட மாநிலங்கள் நிறுத்திவைத்தன. 2009இல் மாநிலங்களவையின் மனுக்கள் குழு, பள்ளியில் பாலியல் கல்வியே வேண்டாம் என்று அறிக்கை தந்தது. தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு அறிவியலில் 'வளரிளம் பருவமடைதல்' என்று ஒரு பாடம் இருக்கிறது. 'நீங்களே படிச்சுக்குங்க' என்று ஆசிரியர் கடந்துபோகும் பாடம் அது என்பதைப் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள். 2012 முதல் 'புது யுகம்' திட்டத்தில் கிராமத்துப் பெண்பிள்ளைகளுக்கு நாப்கின் தந்தார்கள். பொருள் கைக்கு வந்தது. பேச்சு வரவில்லை.

பேசினால் கெட்டுப்போவார்கள் என்பது பற்றி ஒரு வார்த்தை. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் யுனெஸ்கோ திருத்தி வெளியிட்ட வழிகாட்டி, பாலியல் கல்வி பிள்ளைகளை முன்கூட்டி உறவுக்குத் தள்ளுவதில்லை, பலருக்கு அது தள்ளிப்போகவும் பாதுகாப்பாக அமையவும் உதவுகிறது என்கிறது. இதற்குமேல் அந்த வாதத்துக்கு இடம் தர வேண்டியதில்லை.

*

எப்படிப் பேசுவது? ஒருநாள் உட்காரவைத்துச் சொல்லி முடிக்கிற சமாச்சாரம் இல்லை இது. அப்படி உட்காரவைத்தாலே பிள்ளை பயந்துவிடும். குளிப்பாட்டும்போது, துணி அலசும்போது, பைக்கில் பின்னால் உட்கார்ந்து வரும்போது என்று ஒன்றிரண்டு வாக்கியமாகப் பல வருஷம் நடக்கிற பேச்சு. கேட்டதற்கு மட்டும் பதில், கேட்ட அளவுக்குப் பதில். நாலு வயதில் 'நான் எங்கேர்ந்து வந்தேன்' என்று கேட்டால், 'கோயில்லேர்ந்து வாங்கினு வந்தோம்' வேண்டாம். 'என் வயித்துல கர்ப்பப்பைன்னு ஒண்ணு கீது, அதுல வளந்த. கீழ ஒரு வழி கீது, அது வழியா வெளிய வந்த.' ஆபரேஷன் என்றால் ஆபரேஷன். முக்கால்வாசிப் பிள்ளைகள் அதோடு விளையாடப் போய்விடும். மீதியைப் பற்றிக் கவலைப்படுவது பெரியவர்கள்தான்.

'குட் டச், பேட் டச்' என்று பள்ளிகளில் இப்போது சொல்லித்தருகிறார்கள். எனக்கு இதில் தயக்கம் உண்டு. தொடுகிறவர் பிரியமானவராக இருக்கலாம், தின்பண்டம் வாங்கித் தருகிறவராக இருக்கலாம், தொடுதல் கூச்சமாகவோ சுகமாகவோகூட இருக்கலாம். அது 'பேட்' என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்? சுகமாக இருந்தது என்பதாலேயே தன்மேல்தான் தப்பு என்று நினைத்து வாய்மூடிக்கொண்ட பிள்ளைகள் உண்டு. உணர்ச்சியை வைத்துச் சொல்வதைவிடச் செயலை வைத்துச் சொல்வது நல்லது. 'உன் ஒண்ணுக்குப் போற எடத்த, பின்பக்கத்த, மார்ப யாரும் தொடக்கூடாது. குளிப்பாட்ட, மருந்து போடன்னா மட்டும்தான். டாக்டர்னாலும் நாங்க யாராச்சும் பக்கத்துல இருக்கணும். அவங்களோடத நீ தொடணும்னு சொன்னாலும் கூடாது.' அடுத்து: 'அம்மாகிட்ட சொல்லாதன்னு யாராச்சும் சொன்னா, அதத்தான் மொதல்ல வந்து சொல்லணும்.' மூன்றாவதுதான் கஷ்டம்: 'எப்ப சொன்னாலும், எத்தினி நாள் கழிச்சு சொன்னாலும் உன்ன அடிக்க மாட்டேன். தப்பு உன்னோடது கிடையாது.' இதைச் சொல்ல வேண்டுமென்றால், டம்ளரை உடைத்ததற்கு அடிப்பதை அதற்கு முந்தியே நிறுத்தியிருக்க வேண்டும். வாக்கை நம்பலாமா என்று பிள்ளை அதில்தான் சோதிக்கும். 'மாமாவுக்கு ஒரு முத்தா குடு' என்று வற்புறுத்துவதையும் விட வேண்டும். வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்பது அங்கே தொடங்குகிறது.

மாதவிடாயைப் பற்றி எட்டு ஒன்பது வயதில், அது வருவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். வந்தபின் சொல்வது பயந்துபோன பிள்ளைக்குத் தருகிற ஆறுதல் மட்டும்தான். 'கர்ப்பப்பைக்குள்ள மாசாமாசம் கொழந்த தங்கறதுக்கு மெத்த மாதிரி ஒண்ணு உருவாகும். கொழந்த இல்லன்னா அது கழண்டு ரத்தமா வந்துடும். மூணு நாள், அஞ்சு நாள், செலருக்கு ஏழு நாள் வரும். மொத ரெண்டு வருஷம் முன்ன பின்ன ஆகும். அது காயமில்ல, அழுக்கில்ல.' இதை அண்ணனும் தம்பியும் பக்கத்தில் இருக்கும்போதே சொல்லலாம். 'தூரம்' என்று ஒதுக்கி உட்காரவைத்துவிட்டு அழுக்கில்லை என்று சொன்னால் பிள்ளை எதை நம்பும் என்று கேட்கத் தேவையில்லை. அப்பாவுக்கும் இதில் வேலை உண்டு. கடைக்குப் போய்க் கறுப்புப் பை இல்லாமல் நாப்கின் வாங்கி வரட்டும். ஒரு வார்த்தை பேச வேண்டாம்.

பையனுக்குப் பதினொன்று பன்னிரண்டில்: தூக்கத்தில் வெளியேறுவது வியாதி இல்லை, கைப்பழக்கத்தால் உடம்பு கெடாது, நாற்பது சொட்டுக் கணக்கு பொய், ஸ்டிக்கரில் இருக்கிற எண் காசு பிடுங்குகிற எண். இதை அப்பாவோ மாமனோ இரண்டு நிமிஷத்தில் சொல்லிவிடலாம், நேருக்கு நேர் முகம் பார்க்காமல்கூட. கூடவே ஒன்று: போனில் பார்க்கிற படத்தில் இருப்பவர்கள் காசு வாங்கிக்கொண்டு நடிப்பவர்கள், சில சமயம் கட்டாயப்படுத்தப்பட்டவர்கள், உறவு என்பது அப்படி இருக்காது.

பதினைந்து பதினாறு என்றால் காதல், கரு, தொற்று, ஆணுறை, சட்டம் எல்லாவற்றையும் பேசியாக வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுப் பெண்களில் 12.8 விழுக்காட்டினர் 18க்கு முன்பே திருமணமானவர்கள். 'சின்னப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு' என்று சொல்கிற அதே உறவுதான் அந்தச் சின்னப் பிள்ளைக்குக் கல்யாணமும் செய்து வைக்கிறது. 1986இல் மருத்துவர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்றுகளைக் கண்டறிந்தது இதே சென்னையில்தான். அதன்பின் சுவரெல்லாம் ஆணுறை விளம்பரம் எழுதிய மாநிலம் இது. 2025-26 பட்ஜெட்டில், கருப்பை வாய்ப் புற்றுக்கு எதிரான எச்பிவி தடுப்பூசியை 14 வயதுப் பெண்பிள்ளைகளுக்குப் போடுவதாக அறிவித்தார்கள். 'எதுக்கும்மா இந்த ஊசி?' என்று பிள்ளை கேட்கும். அந்தக் கிருமி உடலுறவால் பரவுவது, அதனால் முன்கூட்டியே போடுகிறார்கள் என்று சொல்லலாம். 'நல்லதுக்குத்தான், போட்டுக்க' என்றும் சொல்லலாம். பேச்சுக்குக் கதவு அதுவாகவே திறக்கிற இடங்கள் இப்படி வருகின்றன.

தெரியாததற்குத் தெரியாது என்றே சொல்லலாம். 'எனக்குத் தெர்ல, நர்சம்மாவ கேட்டு வந்து சொல்றேன்' என்பது முழுமையான பதில், கேட்டு வந்து சொன்னால். கிராம சுகாதாரச் செவிலியரும் ஆரம்ப சுகாதார நிலையமும் இந்த வட்டாரத்தில் எட்டாத தூரத்தில் இல்லை. 1098 என்ற எண்ணைப் பிள்ளைக்கு மனப்பாடமாகச் சொல்லி வைக்கலாம். ஆயாக்களை ஒதுக்க வேண்டாம். பிரசவம் பார்த்த கை, எதையும் முகம் சுளிக்காமல் சொல்லும் வாய் அவர்களுடையது. நம் தலைமுறைதான் நாகரிகமாகிக் கூச்சப்பட்டுக்கொண்டது.

பொன்னேரிப் பக்கம் ஒரு தெருவில் பத்துப் பதினைந்து பெண்கள் கூடியிருந்தார்கள். பேச அழைக்கப்பட்டிருந்த என்னைப் பாதியில் வெளியே போகச் சொல்லிவிட்டார்கள், நியாயம்தான். நடத்திய செவிலியத் தோழி பிறகு சொன்னது இது. பிள்ளைக்கு என்ன சொல் சொல்லித் தருவது என்று பேச்சு வந்ததும் அரைமணி நேரம் ஒரே சிரிப்பு. 'பிறப்புறுப்பு'ன்னா கோர்ட்டு பேப்பர் மாதிரி கீது என்றாள் ஒருத்தி. 'ஒண்ணுக்குப் போற எடம்' போதாது, வேறேயும் அதுதானே என்றாள் இன்னொருத்தி. ஓரமாக வெற்றிலை மென்றுகொண்டிருந்த ஒரு ஆயா, 'பொறந்த வழின்னு சொல்லுங்களேன், எல்லாம் அங்கேர்ந்துதான வந்தீங்க' என்றாராம். சிரிப்பு நின்று, கொஞ்ச நேரம் எல்லாரும் அதைச் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். 'சரி ஆயா, பையனுக்கு?' என்று ஒரு பெண் கேட்டாள். ஆயா யோசித்தார். இரண்டு மணி ஷிஃப்டுக்குப் போக வேண்டியவர்கள் அதற்குள் எழுந்துவிட்டார்கள்.